மல்லிகா, உன் கதையைப் பெரியம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்

அன்புள்ள மல்லிகாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். பெரியவன் பத்தாவது பரீட்சை எழுதிவிட்டான், சின்னவளுக்கு அம்மை போட்டு இறங்கிவிட்டது, மாங்காய் இந்த வருடம் பிஞ்சிலேயே நிறையக் கொட்டிவிட்டது. இதையெல்லாம் ஃபோனிலேயே சொல்லியிருப்பேன். ஃபோனில் சொல்ல வராத ஒன்றுக்காகத்தான் இந்தக் கடிதம்.

உன் கதை வந்த பத்திரிகையை எடுத்துக்கொண்டு போன வாரம் வேப்பனப்பள்ளி போனேன். பெரியம்மாவை உட்கார வைத்து முழுசாகப் படித்துக் காட்டினேன். வெற்றிலைகூட இடிக்காமல் கேட்டார். ஆனால் மறுபடியும் அதியமானா? ஒன்பதாவதில் நெல்லிக்கனியைத் தூக்கிக்கொண்டு மேடை ஏறியவள் இன்னும் இறக்கி வைக்கவில்லையே டீ! தமிழம்மா இருந்திருந்தால் இதற்கும் ஒரு டிபன் பாக்ஸ் கொடுத்திருப்பார். வேடியப்பன் கல்லுக்கு ஆயா விளக்கு வைக்கிற இடம் மட்டும் அப்படியே நம் ஊர். அதைக் கேட்டுப் பெரியம்மா சிரித்தார்.

அப்புறம் நீ பக்கத்துக்குப் பக்கம் ‘நம் மண்’ என்று எழுதியிருக்கிறாய் அல்லவா, அங்கே என்னை நிறுத்தச் சொன்னார். "எது நம்ம மண்ணு? அந்த ஊர்ல நமக்கு ஒரு செண்ட்டு இருந்துச்சா? கண்டவங்க காட்டுல பாடுபட்டோம், அவங்க ஊத்துனதக் குடிச்சோம். அவ அம்மா இந்த ஊர்லயே பொறக்கல, தெரியுமா உனக்கு?"

எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். உன் அம்மா பிறந்தது கோலார் தங்கவயலில், மாரிக்குப்பத்து லைன் வீட்டில், அதாவது சுரங்கத் தொழிலாளிகள் குடியிருந்த வரிசை வீடுகளில் ஒன்றில். பெரியம்மாவும் அங்கேதான். அவர்கள் அப்பா இறந்த பிறகு இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு ஆயா இங்கே வந்துவிட்டார். சம்பந்தம் பேசும்போது கோலார் என்று சொன்னால் எந்த லைன், என்ன வேலை, என்ன ஆட்கள் என்று தோண்டுவார்கள் என்று சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். விட்டது விட்டதாகவே போய்விட்டது.

அதன் பிறகு பெரியம்மா பேசினார் பார், இருட்டும்வரை பேசினார். நடுவில் தெலுங்கு, நடுவில் கன்னடம், நான் பாதி இடத்தில் நிறுத்திக் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டேன். தாது வருஷப் பஞ்சத்தில் (1876-78) சேலம் ஜில்லாவே செத்துச் சுண்ணாம்பான கதையை அவருடைய தாத்தா சொல்வாராம். அந்தப் பஞ்சத்தில் தப்பிப் பிழைத்த வீடு உங்களுடையது. 1880-களில் வெள்ளைக்காரக் கம்பெனி சுரங்கம் தோண்ட ஆரம்பித்ததும் சேலம், வட ஆற்காடு பக்கத்திலிருந்து நம் ஜனங்கள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். கூலி காசாகக் கையில் வந்தது, அதற்காகவே போனார்கள். உன் கொள்ளுத்தாத்தா நடந்தே போயிருக்கிறார். 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து அந்தச் சுரங்கங்களுக்குக் கரண்ட் வந்துவிட்டது மல்லிகா. நம் தெருவுக்கு விளக்கு வந்தபோது நாம் பள்ளிக்கூடத்தில் இருந்தோம், அந்த ராத்திரி நீ போட்ட ஆட்டம் ஞாபகம் இருக்கிறதா?

சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போகிறது. அவ்வளவு ஆழத்தில் பாறை தானாகவே வெடிக்கும். நேரம் தப்பிச் சங்கு ஊதினால் லைன் முழுக்க வாசலுக்கு வந்து நிற்குமாம், எந்த வீட்டு ஆள் என்று தெரிகிறவரை அடுப்பு எரியாதாம். உன் அம்மாவின் அப்பாவைப் பாறை கொல்லவில்லை. கல்தூசி நெஞ்சில் இறங்கி, இருமி இருமிப் போனார். உன் கதையில் அந்தத் தாத்தா ஏர் பிடிக்கிறார். அவர் ஆயுளில் ஏர் பிடித்ததே இல்லையாம்.

ஒரு விஷயத்தை மட்டும் என்னால் விடவே முடியவில்லை. கதை முடிகிற இடத்தில், எங்கள் குடும்பத்தில் எழுத்தைத் தொட்ட முதல் ஆள் நான் என்று அந்தப் பெண் சொல்கிறாள். இல்லை டீ. நம் ஜனங்களைப் பௌத்தத்துக்கு அழைத்த அயோத்திதாசர் ஆரம்பித்த சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் ஒரு கிளை இருந்தது. அவர் 1907-ல் சென்னையில் தொடங்கிய ‘தமிழன்’ பத்திரிகை, 1914-ல் அவர் மறைந்த பிறகு தங்கவயலிலிருந்தும் வெளிவந்தது. உன் கொள்ளுத்தாத்தா ராத்திரி ஷிஃப்ட் இல்லாத நாட்களில் லைன் ஆட்களைச் சுற்றி உட்கார வைத்துப் பத்திரிகை படித்துக் காட்டுவாராம். "ஏத்த இறக்கமா படிப்பாரு, கதவுக்குப் பின்னால நின்னு கேப்போம்" என்றார் பெரியம்மா. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அதியமானிடமிருந்து நீ கடன் வாங்கிய பெருமை எதற்கு, உன் வீட்டிலேயே இவ்வளவு இருக்கும்போது?

கோபப்படாதே. நீ எழுதுகிறாய் என்பதில் இந்த ஊரிலேயே எனக்குத்தான் அதிகச் சந்தோஷம், அது உனக்கே தெரியும். அதனால்தான் சொல்கிறேன். தருமபுரி மியூசியத்தில் நடுகற்கள் பார்த்தோமே, அதில் இருக்கிற எழுத்தை யோசித்துப் பார். எந்த அரசனின் எத்தனையாவது வருடம், செத்தவன் யாருடைய ஆள், எந்த ஊர் மாட்டை மீட்கப் போய் விழுந்தான், அவன் பெயர் என்ன. சில வரிதான், ஆயிரம் வருடம் கழித்தும் அவன் யார் என்று தெரிகிறது. உன் கதையில் மண்வாசனை ஒரு பக்கம் வருகிறது, தாத்தா யாரிடம் வேலை பார்த்தார், என்ன கூலி என்று ஒரு வரி இல்லை. அதை எழுது. சுரங்கத்துக்குள் இறங்குகிற ஷாஃப்ட் பெயரை எழுது, லைன் பெயரை எழுது, தாத்தாக்கள் பெயரை எழுது.

அம்மா மறைத்ததை நான் எழுதலாமா என்று நீ கேட்பாய். நானும் வழியெல்லாம் அதையேதான் யோசித்தேன். அம்மா பயந்தது அந்தக் காலத்துக்கு நியாயம். ஆனால் 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடியாகிவிட்டது, லைன் ஆட்களில் பாதிப் பேர் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்கு ஓடுகிறார்கள், மிச்சமிருப்பது சயனைடு மண் மேடுகள்தான். பெரியம்மாவுக்கு அப்புறம் இதைச் சொல்ல நம் தெருவில் ஒருவரும் இல்லை. உன் சித்தப்பா கத்துவார், கத்தட்டும், அவரை நான் பார்த்துக்கொள்கிறேன். பெரியம்மாவிடம் நேராகவே கேட்டேன். "எழுதச் சொல்லு, எங்கப்பா பேரத் தப்பில்லாம போடச் சொல்லு" என்றார்.

மே மாதம் லீவு போட்டுவிட்டு வா. பெரியம்மாவையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு மூன்று பேருமாக மாரிக்குப்பம் போய் வரலாம், லைன் இன்னும் நிற்கிறது என்கிறார்கள். அதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவருக்கு ஃபோன் பண்ணு. வலது காது கேட்காது, ஸ்பீக்கரில் போடச் சொல்லிவிட்டுப் பேசு. நான் எழுதி வைத்ததைப் படம் எடுத்து அனுப்புகிறேன், என் கையெழுத்தைக் குறை சொல்லாமல் படி.

அன்புடன்,
சாந்தி