கறுத்த தலையும் வெளுத்த இறாலும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறன்று காசிமேட்டில் எனக்கு முன்னால் நின்றவர், கூடையிலிருந்த இறாலின் தலைப்பக்கம் லேசாகக் கறுத்திருந்ததைக் கண்டு "பழசு" என்று ஒதுக்கிவிட்டு, அடுத்த கடையில் பளபளவென்று வெளுத்திருந்ததைக் கூடுதல் விலைக்கு வாங்கிச் சென்றார். விடியற்காலையில் வந்த சரக்கு என்று விற்ற அம்மா எவ்வளவோ சொல்லியும் அவர் கேட்கவில்லை. நான் ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தேன்; கடல் வாடை மட்டுமே இருந்தது, சதையும் கெட்டியாக இருந்தது. அரைக்கிலோ வாங்கிக்கொண்டேன்.

இறந்த இறாலின் உடலிலுள்ள ஒரு நொதி, ஆக்சிஜனின் துணையோடு ஓட்டுக்கு அடியில் மெலனின் என்ற கறுப்பு நிறமியை உண்டாக்குகிறது. ஐஸ் போட்டாலும் இது மெதுவாக நடந்துகொண்டேதான் இருக்கும். அந்தக் கறுப்பால் உடலுக்குத் தீங்கில்லை. ஆனால் கறுத்தால் விலை போகாது என்பதற்காகவே சோடியம் மெட்டாபைசல்பைட் என்ற சல்பைட் வகை உப்பின் கரைசலில் இறாலை முக்கி எடுக்கும் வழக்கம் பல நாடுகளிலும் இருக்கிறது. பச்சை இறாலின் உண்ணும் பகுதியில் கிலோவுக்கு 100 மில்லிகிராம், வேகவைத்ததில் 30 மில்லிகிராம் என்பது இதற்கு கோடெக்ஸ் பன்னாட்டுத் தரநிலை வகுத்துள்ள வரம்பு.

2018-இல் மீனில் ஃபார்மலின் கலப்பதாகச் செய்திகள் வந்த பிறகு, "மருந்து போட்டது" என்ற ஒரே சொல்லில் நாம் எல்லாவற்றையும் அடக்கிவிட்டோம். ஃபார்மலின் உணவில் சேரவே கூடாதது. சல்பைட் அளவோடு அனுமதிக்கப்பட்டது. இரண்டையும் ஒன்றாக எண்ணி அஞ்சுகிறவரே, கறுத்த இறாலை மறுக்கும்போது தாம் அஞ்சும் மருந்தைக் கேட்டு வாங்குகிறவராகிவிடுகிறார்.

அனுமதிக்கப்பட்டது என்பதால் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளும் என்றும் பொருளில்லை. ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்குச் சல்பைட் மூச்சுத்திணறலைத் தூண்டும். என் மகளுக்கு இளைப்பு உண்டு என்பதால், உறையவைத்த இறால் பொட்டலத்தின் பின்பக்கத்துப் பொடி எழுத்தில், சோடியம் மெட்டாபைசல்பைட்டைக் குறிக்கும் 223 என்ற எண் இருக்கிறதா என்று தேடாமல் நான் வாங்குவதில்லை. கிலோவுக்கு 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ சல்பைட் இருந்தால் பொட்டலத்தில் அறிவிக்க வேண்டும் என்று நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதியே சொல்கிறது. ஆனால் ஐஸ் பெட்டியிலிருந்து அள்ளி எடைபோட்டுத் தரும் உரித்த இறாலில் எதைப் படிப்பது? கேட்டால் "அதெல்லாம் ஒன்றும் இல்லை" என்கிறார்கள். அவர்கள் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. எங்கே, எதில் முக்கி வந்தது என்பது சில்லறையில் விற்பவருக்கே தெரிவதில்லை.

ஆகவே, சரக்கை அனுப்பும் மொத்த வியாபாரி சல்பைட் சேர்த்தாரா, இல்லையா என்று சீட்டில் எழுதித் தருவதைக் கட்டாயமாக்க வேண்டும். சல்பைட்டைக் கண்டறியும் சோதனைத் தாள்கள் இருக்கின்றன. உணவுப் பாதுகாப்புத் துறையினர் மீன் அங்காடிகளில் அவற்றைக் கொண்டு வாரம் ஒருமுறையேனும் சோதித்து, முடிவை வாங்குவோர் கண்ணில் படும்படி வாசலிலேயே எழுதி வைக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருவொற்றியூர், சென்னை.