மொத்தச் சம்பளத்திலா, கைக்கு வருவதிலா?

கர்த்தருக்குள் பிரியமான மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி முன்னைக்குப் பரவாயில்லை.

தசமபாகத்தை, அதாவது கர்த்தருக்கென்று கொடுக்கிற பத்தில் ஒரு பங்கை, மொத்தச் சம்பளத்தில் எடுக்க வேண்டுமா, பி.எஃப்., வரி எல்லாம் போகக் கைக்கு வருவதிலா என்று போனில் கேட்டாய். வேதத்தில் பி.எஃப். இல்லையம்மா. எது உன் மனதை உறுத்தாதோ அப்படிக் கொடு, சரி. பரிசேயர் என்கிற யூத மதப் பிரிவினர் ஒற்தலாம் என்கிற புதினாவிலும் வெந்தயத்திலும் சீரகத்திலும்கூடப் பத்தில் ஒன்று எண்ணி வைத்தார்கள். நீதியையும் இரக்கத்தையும் விட்டுவிட்டீர்களே என்று இயேசு அவர்களைக் கடிந்துகொண்டார் (மத்தேயு 23). தசமபாகம் வேண்டாம் என்று சொல்லவில்லை, இரண்டையும் செய்யச் சொன்னார்.

காணிக்கை என்றாலே, தசமபாகத்தைக் கொண்டுவாருங்கள் என்கிற மல்கியா 3-ஐ வாசிக்கிறார்கள். உபாகமம் 14-இன் கடைசி இரண்டு வசனங்களைப் பிரசங்கத்தில் நான் அதிகம் கேட்டதில்லை. மூன்றாம் வருஷத்துத் தசமபாகத்தை அவரவர் ஊரிலேயே வைக்க வேண்டும். ஆலய ஊழியம் செய்கிற லேவியனும் பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் வந்து திருப்தியாகச் சாப்பிட வேண்டும் என்று அங்கே இருக்கிறது. லேவியனுக்கும் பங்கு உண்டு, ஆனால் பந்தியில் அவன் ஒருவன் மட்டும் இல்லை.

எனக்கு அதைவிடப் பிடித்தது உபாகமம் 24. கடன் கொடுத்தவன் அடகு வாங்கப் போனால் கடன் வாங்கியவன் வீட்டுக்குள் நுழையக் கூடாது. வெளியே நிற்க வேண்டும். அடகுப் பொருளைக் கடன் வாங்கியவனே எடுத்துக்கொண்டு வருவான். அவன் ஏழை என்றால், அடகு வைத்த போர்வையைப் பொழுது போவதற்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அவன் போர்த்திக்கொண்டு தூங்க வேண்டுமே. மாவு அரைக்கிற திரிகைக் கல்லை அடகு வாங்கவே கூடாது, அது அவன் உயிரையே அடகு வாங்குவதாகும். கடன் கொடுத்தவன் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பது வரைக்கும் கர்த்தர் சட்டம் போட்டிருக்கிறார், பார்த்தாயா! நம் தெருவில் குழுக்கடன் வசூலுக்கு வருகிறவர்கள் வாசலில் உட்கார்ந்துகொண்டு நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சத்தம் போடுவார்களே, அதை நினைத்துக்கொண்டு இந்த அதிகாரத்தைப் படி.

ஏழையின் மானம் போகாமல் நடந்துகொள்வது, ரூத்தின் கதையிலும் இதுதான். வயல்காரனான போவாஸ் நினைத்திருந்தால், கதிர் பொறுக்க வந்த ஏழை விதவை ரூத்துக்கு ஒரு மூட்டை வாற்கோதுமையைத் தூக்கிக் கொடுத்து அனுப்பியிருக்கலாம். அவன் அறுக்கிறவர்களிடம், வேண்டுமென்றே கொஞ்சம் கதிரைச் சிந்தவிடுங்கள், அவள் பொறுக்கிக்கொள்ளட்டும், அவளை அதட்டாதீர்கள் என்றான். அவள் உழைத்துச் சேர்த்ததாகவே வீட்டுக்குக் கொண்டுபோனாள். வயலின் ஓரத்தை அறுக்காமல் விட வேண்டும் என்று லேவியராகமம் 19-இல் முன்னமே சட்டம் இருந்தது. போவாஸ் அதற்கு மேலும் ஒரு படி போனான்.

அப்புறம், உன் வீட்டில் வேலை செய்கிற அக்காவின் சம்பளம். உனக்கு ஒன்றாம் தேதி வந்துவிடுகிறது, அவளுக்குப் பத்தாம் தேதி வரை இழுக்கிறது என்று நீயே சொன்னாய். கூலியை அன்றன்றைக்கே கொடு, அவன் ஏழை, அதை நம்பித்தான் இருக்கிறான் என்று அதே உபாகமம் 24 சொல்கிறது. பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று புதிய ஏற்பாட்டில் யாக்கோபும் எழுதியிருக்கிறார். தசமபாகத்தை எடுத்து வைப்பதற்கு முன்னால் அதைக் கொடுத்துவிடு.

சித்தி மகன் ஆட்டோவுக்கு எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுக்க உன்னிடம் வாங்கிய பணத்தைப் பற்றியும் கேட்டாய். திருப்பிக் கேட்பதில் தப்பில்லை, கடன் கடன்தான். ஆனால் கிறிஸ்துமஸுக்கு வரும்போது அவன் வீட்டில், மனைவி பிள்ளைகளுக்கு முன்னால் அந்தப் பேச்சை எடுக்காதே. நான் அவனைத் தனியாகப் பார்த்துக் கேட்கிறேன். மாசம் ஐநூறு, ஆயிரம் என்று தர முடியுமா பார்க்கலாம். முடியாது என்றால் நீயும் நானும் பிறகு பேசிக்கொள்ளலாம். பணம் வருகிற வரைக்கும் ஆட்டோவின் ஆர்.சி. புக்கை (பதிவுச் சான்றை) வாங்கி வைக்கலாம் என்று அம்மா ஒரு யோசனை சொன்னாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவன் வண்டி ஓட்டினால்தான் அந்த வீட்டில் அடுப்பு எரியும்.

சபையில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுகிற அசனத்துக்கு லீவு கிடைக்குமா என்று சீக்கிரம் சொல். இந்த வருஷம் பரிமாறுகிற வேலையை நம் தெருக்காரர்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள், ஆள் போதவில்லை.

அன்புடன்,
அப்பா