கண்ணாடிப் பாலம் 'பக்கத்திலேயே' இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்குப் பயணக் கட்டுரையில் படங்கள் அருமை. ஆனால் தெற்கு விளிம்பில் மாதர் பாயின்ட் என்ற காட்சி முனையைப் பார்த்துவிட்டு 'பக்கத்திலேயே' இருக்கும் கண்ணாடிப் பாலத்துக்கும் போகலாம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை நம்பி யாராவது குடும்பத்தோடு கிளம்பினால் அவர்கள் பாடு திண்டாட்டம்தான். ஸ்கைவாக் எனப்படும் அந்தப் பாலம் தேசியப் பூங்காவுக்குள்ளேயே இல்லை. மேற்கே ஹுவாலபாய் பழங்குடியினரின் நிலத்தில் இருக்கிறது, தெற்கு விளிம்பிலிருந்து காரில் நாலு மணி நேரமாவது ஆகும், பூங்கா டிக்கெட்டும் செல்லாது, தனியாக எடுக்க வேண்டும். லாஸ் வேகாஸிலிருந்து வருகிறவர்களுக்குத்தான் அது கிட்டே.

அப்புறம், மாதர் பாயின்டோடு முடித்துக்கொண்டதும் எனக்குச் சரியாகப் படவில்லை. மகள் அரிசோனாவில் இருப்பதால் அந்தப் பக்கம் போகும் வாய்ப்பு எனக்கு வாய்த்தது. செல்பி எடுக்கும் கூட்டத்தில் முட்டி மோதுவதைவிட, அங்கிருந்து கிழக்கே போகும் டெசர்ட் வியூ சாலையைப் பிடிப்பது எவ்வளவோ மேல். மொத்தமே சுமார் 37 கி.மீ.தான், கிராண்ட்வியூ, மோரன், லிப்பன், நவாஹோ என்று காட்சி முனைகளில் வரிசையாக நின்று நின்று போகலாம்.

எனக்குப் பிடித்தது லிப்பன். மாதரில் நின்றால் கொலராடோ ஆற்றைத் தேடத்தான் வேண்டும், லிப்பனிலோ அது வளைந்து திரும்பிப் போவது நன்றாகவே தெரிகிறது. மேலே பாறை அடுக்குகள் எல்லாம் படுக்கையாக, கோடு போட்ட மாதிரி இருக்க, கீழே ஒரு பகுதி மட்டும் சாய்ந்து கிடக்கும், அதைக் கவனிக்கச் சொல்லுங்கள்: அந்தச் சாய்ந்த அடுக்குகள் மேலே இருப்பவற்றைவிட மிகப் பழையவை. பள்ளத்தாக்கின் நடுவே கோபுரம் போல நிற்கும் பாறைக்கு விஷ்ணு டெம்பிள் என்று பெயர்! 1880-களில் டட்டன் என்ற புவியியலாளர் வைத்தது.

சாலைக் கோடியில் 1932-இல் மேரி கோல்ட்டர் வடிவமைத்த கல் கோபுரம், உள்சுவரில் ஹோப்பி பழங்குடி ஓவியர் ஃபிரெட் கபோட்டியின் சித்திரங்கள். அவசரமாக ஏறி இறங்காதீர்கள்.

நேரமும் முக்கியம். உச்சி வெயிலில் போனால் எல்லாம் ஒரே வெளிறலாக, ஆழமே தெரியாது; மாலையில் நிழல் விழ ஆரம்பித்த பிறகுதான் ஒவ்வொரு மடிப்பும் தனித்தனியாக எழுந்து வரும். சூரிய அஸ்தமனத்துக்கு மேற்கே ஹோப்பி பாயின்ட் போகலாம், ஆனால் மார்ச் முதல் நவம்பர் வரை அந்தச் சாலையில் சொந்தக் கார் விடமாட்டார்கள், இலவச பஸ்தான். பல இடங்களில் தடுப்புக் கம்பி கிடையாது, பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். அணில்களுக்குத் தீனி போடவும் வேண்டாம், அவை கடிக்கும்.

அடுத்த முறை இப்படிக் கட்டுரை போடும்போது ஒரு சின்ன வரைபடமும் சேர்த்துப் போடுங்கள், புண்ணியமாகப் போகும்.

— ஒரு வாசகி, கோவை