ஐரோப்பா இருக்கட்டும், கேள்வியை மாற்றுங்கள்

மேல்நிலை வகுப்புக்கு வரலாற்றுப் பாடம் திருத்தவும் வினாத்தாள் எடுக்கவும் உட்காரும் குழுவினருக்கு,

வணக்கம். மதுரைப் பக்கம் ஒரு பள்ளியில் பதினொன்று, பன்னிரண்டுக்கு வரலாறு எடுக்கும் ஆசிரியை எழுதுகிறேன்.

பாடச்சுமையைக் குறைக்கவேண்டும் என்று பேச்சு எழும்போதெல்லாம் ஆசிரியர் அறையில் முதலில் அடிபடும் பெயர் ஐரோப்பாதான். "நம்ம பிள்ளைகளுக்கு பிஸ்மார்க் எதுக்கு, ரோபஸ்பியர் எதுக்கு, குரூப் ஃபோர்ல கேட்கவா போறான்?" என்பார்கள். இதைச் சொல்பவர்கள் சோம்பேறிகள் இல்லை, நன்றாகப் பாடம் நடத்துபவர்களே சொல்கிறார்கள். ஐரோப்பாவை வெட்டிவிடாதீர்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். ஆனால் இப்போது இருக்கிறபடியே இருக்கட்டும் என்று கேட்க மாட்டேன், ஏனென்றால் இப்போது நடப்பதற்குப் பாடம் என்று பெயர் வைக்க எனக்கே மனசு வரவில்லை. கேட்பது ஒன்றே ஒன்று: பொதுத்தேர்வில் பத்து, பன்னிரண்டு வரியில் ஒரு பழைய ஆவணத்தைக் கொடுத்து, அதைப் படித்துப் பதில் எழுதும்படி ஒரு கேள்வி வையுங்கள். 90 மதிப்பெண்ணில் ஒரு 5 மதிப்பெண் அதற்குப் போதும்.

நிலைமை உங்களுக்குத் தெரியாததல்ல, இருந்தாலும் சொல்கிறேன். பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகம் இந்திய விடுதலைப் போராட்டத்தில் தொடங்கி, நவீன உலகத்துக்கு வந்துசேரும்போது புத்தகமே முடியப்போகிறது. நாங்கள் அங்கே வரும்போது அரையாண்டு நெருங்கியிருக்கும், அதற்கப்புறம் திருப்புதல் தேர்வு, அப்புறம் இன்னொரு திருப்புதல் தேர்வு. அறிவொளிக் காலம், பிரெஞ்சுப் புரட்சி, தொழிற்புரட்சி, இரண்டு உலகப்போர் எல்லாவற்றையும் சேர்த்து அள்ளிப்போட்டுக்கொண்டு ஓட வேண்டியதுதான். மெல்லக் கற்போருக்கு என்று தனியாக ஒரு மெட்டீரியல் அடிக்கிறோம், அதில் பிரெஞ்சுப் புரட்சிக்குக் காரணம் ஐந்து பாயிண்ட், முதல் உலகப்போருக்குக் காரணம் ஐந்து பாயிண்ட். பிள்ளை அதை மனப்பாடம் செய்து, ஒவ்வொரு தலைப்புக்கும் அடிக்கோடு போட்டு எழுதும், நாமும் கீ ஆன்சரோடு ஒத்துப்பார்த்து டிக் அடிப்போம். முடிந்தது வேலை.

முதல் உலகப்போரையே எடுத்துக்கொள்ளுங்களேன். 1914 ஜூன் 28-ல் சரயேவோவில் ஆஸ்திரியப் பட்டத்து இளவரசர் சுடப்படுகிறார். ஜூலை 23-ல் ஆஸ்திரியா செர்பியாவுக்குக் கெடு வைக்கிறது, 28-ல் போர் அறிவிக்கிறது. ஆகஸ்ட் 4-ல் பிரிட்டன் உள்ளே வந்துவிட்டது. இந்த ஐந்தாறு வாரத்தில் யார் யார் நிறுத்தியிருக்கலாம், ஏன் நிறுத்தவில்லை என்பதைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் இன்றுவரை அடித்துக்கொள்கிறார்கள். 1919-ல் வெர்சாய் உடன்படிக்கையின் 231-ஆம் பிரிவு பொறுப்பைத் தூக்கி ஜெர்மனி தலையில் வைத்தது. அப்புறம் வந்த ஆண்டுகளில் 'எல்லோருக்கும்தான் பங்கு' என்று பேச்சு மாறியது, 1961-ல் ஃபிரிட்ஸ் ஃபிஷர் என்ற ஜெர்மானியரே 'இல்லை, எங்கள் நாட்டுக்குத்தான் பெரும்பங்கு' என்று எழுதி அங்கே பெரிய சண்டையே மூண்டது. எங்கள் மெட்டீரியலில் இந்தச் சண்டை எங்கே இருக்கிறது? 'ராணுவக் கூட்டணிகள், தீவிர தேசியவாதம், காலனிப் போட்டி' என்று எல்லாம் தீர்ந்துபோன விவகாரம் மாதிரி வரிசையாக நிற்கிறது.

சரி, ஆவணம் கொடுத்தால் மட்டும் என்ன ஆகிவிடும் என்று கேட்பீர்கள். தொழிற்புரட்சி நடத்தும்போது நான் செய்துபார்த்ததைச் சொல்கிறேன். 1832-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் மைக்கேல் சாட்லர் தலைமையில் ஒரு குழு போட்டு ஆலைகளில் வேலைபார்த்தவர்களைக் கூப்பிட்டு விசாரித்தது. அதில் லீட்ஸ் நகரத்து எலிசபெத் பென்ட்லி என்ற பெண்ணின் சாட்சியம் இருக்கிறது. அப்போது அவருக்கு வயது 23. ஆறு வயதில் வேலைக்குச் சேர்ந்தவர், லினன் நூற்கும் ஆலையில் டாஃபர். வேலை நெருக்கடியான காலத்தில் காலை 5 மணி முதல் இரவு 9 மணி வரை. சாப்பாட்டுக்கு மதியம் 40 நிமிடம் மட்டும். கொஞ்சம் அசந்தால் வாரடி. கேள்வி, பதில், கேள்வி, பதில் என்று ஒரு பக்கத்துக்குத் தமிழில் எழுதி, ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன்.

டாஃபர் என்றால் என்ன என்று விளக்கக் கரும்பலகைப் பக்கம் திரும்பியதும் பின்பெஞ்சிலிருந்து ஒரு பெண், "டீச்சர், நூல் ரொம்புன பாபினைக் கழட்டிட்டு வெறும் பாபினை மாட்டுறதுதானே, எங்க அக்கா அந்த வேலைதான் பார்க்குது" என்றாள். திண்டுக்கல் பக்கம் ஸ்பின்னிங் மில்லுக்கு வேன் வந்து ஆள் ஏற்றிக்கொண்டு போகும் ஊர்ப் பிள்ளை. அதற்குமேல் நான் விளக்கவேண்டியது ஒன்றுமில்லை. இரவு ஷிப்ட் எத்தனை மணிக்கு விடும், ஃபிரேம் ஓடும்போது உட்கார முடியுமா, பஞ்சுத்தூசி எப்படி மூக்கில் ஏறும் என்று அவளே சொல்ல, மற்றவர்கள் அந்த ஜெராக்ஸ் தாளில் இருப்பதோடு ஒத்துப்பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். இதுவரை நான் ரசித்ததுதான், எதிர்பார்த்ததும்கூட. எதிர்பார்க்காதது அடுத்து வந்தது. வகுப்பில் சுமாராகப் படிக்கும் ஒரு பையன், எந்தத் தேர்விலும் முப்பதைத் தாண்டாதவன், தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கேள்வி கேக்குறவரே பதிலை எடுத்துக் குடுக்குற மாதிரி இருக்கே டீச்சர்" என்றான்.

அவன் பிடித்தது சரியான இடம். சாட்லர் நடுநிலைக்காரர் இல்லை. வேலைநேரத்தைப் பத்து மணியாகக் குறைக்கும் மசோதாவுக்காகப் போராடிக்கொண்டிருந்தவர். ஒருதலைப்பட்சமான விசாரணை என்று ஆலை முதலாளிகள் கூச்சல் போட்டு, 1833-ல் வேறொரு ஆணையம் போடவைத்தார்கள். அப்படி வந்த ஆணையத்துக்குப் பிறகும் அதே ஆண்டில் தொழிற்சாலைச் சட்டம் வந்தது, ஒன்பது வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளைப் பெரும்பாலான நூற்பாலைகளில் சேர்க்கக்கூடாது என்றது, மேற்பார்வைக்கு நான்கே நான்கு ஆய்வாளர்களைப் போட்டது. அப்படியென்றால் அந்தப் பெண் சொன்னது பொய்யா, கேட்டவர் ஒரு பக்கம் சாய்ந்தவர் என்பதால் சாட்சியமே செல்லாதா என்று அந்தப் பாடவேளை முழுக்க வாக்குவாதம். மணி அடித்தும் நிற்கவில்லை. அந்தப் பையன் கண்டுபிடித்ததற்கு உங்கள் வினாத்தாளில் எங்கேயாவது ஒரு மதிப்பெண் இருக்கிறதா? 'தொழிற்புரட்சியின் விளைவுகளை விவரி' என்ற கேள்விக்கு அவன் அந்த வருடமும் ஒன்றரை மதிப்பெண்தான் வாங்கியிருப்பான்.

ஆவணத்துக்கு எங்கே போவது, எல்லாம் இங்கிலீஷிலும் பிரெஞ்சிலும் அல்லவா இருக்கிறது என்று சொல்வார்கள். பாதி உண்மை. மீதிப் பாதிக்கு ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு இருக்கிறது. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்த மனிதர், 1736 முதல் தம் கடைசிக் காலம் வரை தமிழில் எழுதிவைத்தார். 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் ஆங்கிலேயரிடமிருந்து சென்னையைப் பிடித்தது, ஐரோப்பாவில் நடந்த ஆஸ்திரிய வாரிசுரிமைப் போரின் ஒரு கிளை. 1748-ல் எக்ஸ்-லா-ஷாப்பேல் உடன்படிக்கையில், கனடாவில் இருக்கும் லூயிபூர் கோட்டையை வாங்கிக்கொண்டு சென்னையைத் திருப்பிக் கொடுத்தார்கள். நம் ஊர்த் தலைநகரத்தைப் பனிக்காட்டு ஓரத்து மீன்பிடித் துறைமுகம் ஒன்றுக்கு மாற்றிக்கொண்டார்கள் என்று சொன்னால் எந்தப் பிள்ளையும் நிமிர்ந்து உட்காரும். பதினொன்றாம் வகுப்பில் கர்நாடகப் போர்களை நடத்துகிறோம், அதற்கு மூலகாரணமான ஐரோப்பாவுக்கு அடுத்த வருடம் தை மாதம் வருகிறோம், அதற்குள் பிள்ளைகள் துய்ப்ளேயையே மறந்துபோகிறார்கள்.

மதுரைக்கு இன்னும் கிட்டத்தில் வேண்டுமா? கான்சாகிப். சம்மட்டிபுரத்தில் அவர் சமாதி இருக்கிறது, கான்சாமேட்டுத் தெரு வழியாக எங்கள் பிள்ளைகள் தினமும் நடக்கிறார்கள். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் கமாண்டராக உயர்ந்து, மதுரைச் சீமையை நிர்வாகம் செய்து, பின்பு கம்பெனியையும் ஆற்காட்டு நவாபையும் எதிர்த்து நின்ற யூசுப் கான். மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடி ஏற்றினார், மர்ச்சாந்து என்ற பிரெஞ்சு அதிகாரி அவரோடு இருந்தான். ஆனால் பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் நடந்த ஏழாண்டுப் போர் முடிந்து பாரிசில் 1763 பிப்ரவரி 10-லேயே கையெழுத்தாகிவிட்டது. பிரான்ஸ் தோற்றுப்போய், இங்கே புதுச்சேரி மாதிரியான தன் பழைய வணிகத் தலங்களை மட்டும் திரும்ப வாங்கிக்கொண்டு ஒதுங்க ஒப்புக்கொண்ட பிறகு, எந்தப் பெரிய உதவி மதுரைக்கு வரும்? கடைசியில் மர்ச்சாந்தும் கூட இருந்தவர்களுமே பிடித்துக்கொடுக்க, 1764 அக்டோபர் 15-ல் தூக்கு. பாரிசில் போட்ட ஒரு கையெழுத்து வைகைக்கரையில் என்ன செய்தது என்று கேட்டால் அது ஐரோப்பிய வரலாறா, மதுரை வரலாறா? மதுரையில் இருந்த சேசுசபை என்ற கத்தோலிக்கத் துறவியர் சபைக்கும் அதே கதைதான், 1606-ல் தத்துவ போதகர் என்று நாம் அழைக்கும் ராபர்ட் டி நொபிலி இங்கே வந்து ஊன்றிய பணி, 1759-ல் போர்ச்சுகல் அந்தச் சபையைத் துரத்தியதிலும் 1773-ல் போப்பே அதைக் கலைத்ததிலும் ஆட்டம் கண்டது.

உசிலம்பட்டிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வேறொரு ஜோடி ஆவணம் கொடுக்கலாம், நான் கொடுத்தும் இருக்கிறேன். ஒன்று, பிரான்சில் 1789 ஆகஸ்ட் 26-ல் ஏற்கப்பட்ட மனித உரிமைப் பிரகடனத்தின் முதல் பிரிவு, மனிதர்கள் உரிமையில் சமமாகவே பிறக்கிறார்கள் என்பது. இன்னொன்று, 1871-ல் ஆங்கிலேயர் வட இந்தியாவில் கொண்டுவந்து, 1911-ல் திருத்திச் சென்னை மாகாணத்துக்கும் நீட்டிய குற்றப்பரம்பரைச் சட்டம். ஒரு சாதியில் பிறந்ததே குற்றம் என்று ரேகை எடுக்கச் சொன்ன அந்தச் சட்டத்தை எதிர்த்து, 1920 ஏப்ரல் 3-ல் உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் 16 பேர் துப்பாக்கிச் சூட்டில் செத்த கதை அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒன்று பிரான்ஸ், ஒன்று பிரிட்டன், இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டக்கூடாது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் பகுத்தறிவும் சமத்துவமும் பேசிய கண்டத்துக்குள் அந்த 'மனிதர்கள்' என்ற கூட்டத்தில் யார் யாரைச் சேர்த்தார்கள், யாரை விட்டார்கள் என்ற கேள்வி அங்கேயே எழுந்ததுதான். 1791-ல் ஒலிம்ப் தெ கூஜ் பெண்களுக்குத் தனியாக ஒரு பிரகடனம் எழுதினார், 1793-ல் கில்லட்டினில் தலை போயிற்று. அதே 1791-ல் பிரெஞ்சுக் கரும்புத் தோட்டத் தீவில் அடிமைகள் எழுந்தார்கள், 1804-ல் ஹைட்டி என்ற நாடே பிறந்தது, அந்த விடுதலைக்கு நஷ்டஈடாக 15 கோடி பிராங்க் கட்டச் சொல்லி 1825-ல் பிரான்ஸ் போர்க்கப்பலோடு போய் நின்றது. புரட்சியைக் கும்பிடவும் வேண்டாம், திட்டவும் வேண்டாம், இந்தத் தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கவிட்டால் போதும்.

இனி உங்கள் குழுவில் எழக்கூடிய ஆட்சேபங்கள். திருத்தும் முகாமில் கீ எப்படிக் கொடுப்பது என்பார்கள். தமிழ்த் தாளிலும் ஆங்கிலத் தாளிலும் பத்தியைக் கொடுத்துக் கேள்வி கேட்டுத் திருத்திக்கொண்டுதானே இருக்கிறோம், சி.பி.எஸ்.இ. வரலாற்றுத் தாளில் மூல ஆவணக் கேள்வி பல வருடமாக இருக்கிறது. இதை எழுதியவர் யார், யாருக்காக, எந்த வரியை நம்பலாம், எதை நம்பத் தயக்கம், ஏன்? இந்த நாலுக்கும் காரணம் சொல்லியிருந்தால் மதிப்பெண் என்று கீயில் போடுங்கள். தேர்ச்சி விழுக்காடு விழுந்துவிடும் என்பார்கள், அதுதான் பெரிய பயம், எங்களுக்கும் முதன்மைக் கல்வி அலுவலர் (சி.இ.ஓ.) கூட்டத்தில் நிற்கவைத்துக் கேட்பார்கள் என்பதால் இருக்கிறது. ஆனால் மனப்பாடம் வராத பிள்ளைக்குத்தான் கண்ணெதிரே தாள் இருப்பது உதவி, வெறும் வெள்ளைப் பக்கத்தைப் பார்த்து முழிக்கவேண்டாம். நன்றாக மனப்பாடம் செய்யும் பிள்ளைகள் முதல் வருடம் கொஞ்சம் தடுமாறுவார்கள். தடுமாறட்டும். கைடு போடுகிறவர்கள் இதற்கும் பத்து ஆவணத்தைப் பதிலோடு அச்சடித்து விற்றுவிடுவார்கள் என்பது உண்மையான ஆபத்து, அதனால் தேர்வில் புத்தகத்தில் இல்லாத ஆவணத்தைத்தான் கொடுக்கவேண்டும்.

இதற்கு இடம் எங்கே என்றால், இத்தாலி, ஜெர்மனி ஒருங்கிணைப்பில் போர் வாரியாக வரும் விவரங்களில் பாதியை எடுத்துவிடலாம். காவூரும் பிஸ்மார்க்கும் என்ன செய்தார்கள் என்பது தெரிந்தால் போதும், எந்தச் சண்டை எந்த மாதம் நடந்தது என்பது பதினேழு வயதுப் பிள்ளைக்கு அவசியம் என்று எனக்குத் தோன்றவில்லை. வியன்னா மாநாட்டையும் சுருக்கலாம். எங்களில் சிலர் இதற்குக் கோபப்படுவார்கள், பரவாயில்லை. காலியாகும் பக்கங்களில் முப்பது ஆவணத்தை நல்ல தமிழில் போடுங்கள், பல்கலைக்கழகங்களில் பிரெஞ்சும் ஜெர்மனும் தெரிந்த தமிழர்கள் இருக்கிறார்கள், அவர்களைக் கூப்பிட்டு வேலை கொடுங்கள்.

பொதுத்தேர்வு முறையை மாற்ற ஆணை வரவேண்டும், காலம் பிடிக்கும் என்பது தெரியும். அதுவரை அகமதிப்பீட்டின் 10 மதிப்பெண்ணில் ஒப்படைப்புக்கு என்று இருக்கும் பங்கை இதற்குத் திருப்பிவிடச் சொல்லுங்கள். இப்போது அந்த ஒப்படைப்பு என்பது தலைவர்கள் படத்தை வெட்டி ஒட்டி, கலர் பேனாவில் பார்டர் போட்ட ஃபைல்தான், அதை நாங்கள் எடை பார்த்து மதிப்பெண் போடுகிறோம். அதற்குப் பதில் ஒரு ஆவணம், ஒரு பக்க விமர்சனம். வரும் ஜூனிலேயே தொடங்கலாம், ஒரு சுற்றறிக்கை போதும். என்னிடம் இருக்கும் ஆவணங்களின் தமிழ்ப்படி எல்லாவற்றையும் அனுப்பத் தயாராக இருக்கிறேன், யாருக்கு அனுப்புவது என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
முதுகலை வரலாற்று ஆசிரியை,
மதுரை மாவட்டம்