பேட்டரி கழற்றினால் டியூன் அழியாது: ரீஃபிளாஷுக்கு மறுபடி பணம் கேட்டது பற்றிய புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
அம்பத்தூர் கிளை, சென்னை.

ஐயா,

வணக்கம். பேட்டரி மாற்றிய பிறகு ஐடிலிங்கில் வண்டி ஆடுகிறது என்று உங்களிடம் கொண்டுவந்தேன். "பேட்டரியைக் கழற்றியதால் ஸ்டேஜ் 1 டியூன் அழிந்துவிட்டது, திரும்ப ஏற்ற 18,000 ரூபாய்" என்றார்கள். ஸ்டேஜ் 1 டியூன் என்பது பவர் கூட்ட எஞ்சின் கம்ப்யூட்டரில் (இ.சி.யூ.) நீங்கள் ஏற்றிய ஃபைல். அது பேட்டரியைக் கழற்றினால் அழியும் என்பது தவறு. டியூன் விற்கிற உங்களுக்கு இது தெரியாமல் இருக்க முடியாது.

நீங்கள் ஏற்றிய ஃபைல் இ.சி.யூ.வின் ஃபிளாஷ் மெமரியில் இருக்கிறது. அங்கே நிற்க அதற்கு மின்சாரமே வேண்டாம்; ஆறு மாதம் பேட்டரி இல்லாமல் கிடந்தாலும் அப்படியே இருக்கும். சிப்பைக் கழற்றி மாட்டிய அந்தக் காலத்து ஈப்ராம் மெமரியை அழிக்கக்கூடப் புற ஊதா விளக்கு வேண்டும். பேட்டரி போனால் பெரும்பாலும் போவது, ஓட ஓட இ.சி.யூ. தானாகக் கற்று வைத்தது: லாங் டெர்ம் ஃபியூல் ட்ரிம் (எரிபொருள் அளவுத் திருத்தம்), ஐடிலிங் காற்றளவு, பல வண்டிகளில் த்ராட்டில் (காற்று வால்வு) நிலை. ட்ரிம் பூஜ்ஜியத்திலிருந்து மறுபடி தொடங்குவதால் ஐடிலிங் ஏறி இறங்கும், பிக்கப் மந்தமாகத் தெரியும். ஏசி, லைட் அணைத்து எஞ்சின் முழுச் சூட்டுக்கு வரும்வரை ஐடிலிங்கில் விட வேண்டும். பிறகு ஏசி போட்டுச் சில நிமிடம். அதன்பின் இரண்டு மூன்று நாள் டிராஃபிக்கிலும் பைபாஸிலும் மாற்றி மாற்றி ஓட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். த்ராட்டில் நிலையை மறுபடி கற்றுக்கொடுக்கும் த்ராட்டில் அடாப்டேஷன் தேவைப்பட்டால் ஸ்கேனரில் சில நிமிட வேலை. இதற்கா 18,000?

இதைச் சொன்னதற்கு உங்கள் கவுண்டரில் இருந்தவர், சேரிலிருந்து எழுந்திருக்காமல், "யூட்யூப் பாத்துட்டு வந்து எங்களுக்கே கிளாஸ் எடுக்காதீங்க சார், கரண்ட் போனா கம்ப்யூட்டர் எல்லாத்தையும் மறந்துடும்" என்றார். நாலு பேர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். சார்ஜ் தீர்ந்து அணைந்த போனில் போட்டோ எல்லாம் அழிந்தா போகிறது? அவரை உங்கள் டெக்னீஷியன் பக்கத்தில் ஒரு நாளாவது உட்கார வையுங்கள்.

இனி முக்கியமான விஷயம். ஸ்கேனர் மாட்டும் ஓ.பி.டி. போர்ட்டில், மோட் 9-இல் கேலிபரேஷன் ஐ.டி.யும் (ஃபைலின் அடையாளம்) சி.வி.என். எண்ணும் படிக்கலாம். சி.வி.என். என்பது உள்ளே இருக்கும் ஃபைலின் செக்சம், அதாவது ஃபைல் மாறினால் மாறுகிற சரிபார்ப்பு எண். நீங்கள் டியூன் ஏற்றிய மறுநாள் எடுத்ததும், பேட்டரி மாற்றிய அன்று எடுத்ததும் எட்டு எழுத்தும் ஒன்றே. உங்கள் ஒர்க்‌ஷாப்பில் ஒரு ராத்திரி நின்றுவிட்டு வந்தபின் எடுத்தது, டியூனுக்கு முன் இருந்த கம்பெனி ஃபைலின் எண். மூன்று ஸ்கிரீன்ஷாட்டும் தேதியோடு இணைத்திருக்கிறேன். பேட்டரி அழிக்காததை உங்கள் இடத்தில் யார் அழித்தார்கள்?

தாம்பரத்திலிருந்து நாலு தடவை வந்தேன். மூன்றாவது தடவை, மதுரவாயல் நெரிசலில் நின்று வந்து சேர்ந்தால், "லேப்டாப் வேற கிளைக்குப் போயிருக்கு" என்றார்கள். வரச் சொல்லி போன் செய்தவர்களே நீங்கள்தான்! டாக்ஸி, பெட்ரோல், லீவு எல்லாம் சேர்த்தால் எனக்கு லட்ச ரூபாய்க்குக் குறையாமல் போயிருக்கிறது.

பேட்டரியால் கெடுகிற நேரம் ஒன்று உண்டு: ஃபிளாஷ் எழுதிக்கொண்டிருக்கும்போது வோல்டேஜ் இறங்கினால் இ.சி.யூ. பாதியில் நின்றுவிடலாம், பிறகு பல சமயம் வண்டியிலிருந்து கழற்றி பெஞ்சில் வைத்துத்தான் மீட்க வேண்டும். நான் பார்த்தபோது உங்கள் ஆள், வோல்டேஜ் இறங்காமல் காக்கும் சப்போர்ட் சார்ஜர் மாட்டாமல்தான் எழுதிக்கொண்டிருந்தார். இதையாவது தயவுசெய்து கவனியுங்கள்.

பல வருடமாக உங்களிடம் வருகிறவன் என்ற முறையில் பணிவாகக் கேட்கிறேன்: என் பழைய டியூன் ஃபைலை இலவசமாக ஏற்றி, ஏற்றுமுன்னும் பின்னும் உள்ள சி.வி.என். எண்களை ஜாப் கார்டில் எழுதி, ஸ்கேனிங்குக்கு வாங்கிய 1,500 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். கவுண்டரில் இருந்தவர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். 15 நாளில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்துவிட்டு, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். அங்கே இந்த மூன்று ஸ்கிரீன்ஷாட்டுக்கும் நீங்கள் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

ஃபைல் ஏற்றும்போது நான் பக்கத்தில் நிற்பேன். சார்ஜர் மாட்டி வையுங்கள்.

இப்படிக்கு,
ஜாப் கார்டில் உள்ள வாடிக்கையாளர்,
தாம்பரம்.