பேனரில் உன் படம் மட்டும் பெரிசாமே

ஜார்ஜ்டவுன், பினாங்கு

அன்புத் தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கு நான் நலம். அம்மாவின் மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று நீ சொல்லவே இல்லை.

நீ அனுப்பிய பேனர் படத்தைப் பார்த்தேன். மூன்று பேர் பாடுகிற குழுவில் உன் படம் மட்டும் ஆளுயரம். மற்ற இரண்டு பேரும் ஓரத்தில் பாஸ்போர்ட் சைஸ். "ரெண்டு பேரும் என்னோட பேசறதில்லண்ணா" என்று அழுது அனுப்பியிருந்தாய். நாலு தடவை வாட்ஸ்அப்பில் பேசிப் பார்த்து அழித்துவிட்டேன். அதனால்தான் காகிதம்.

நான் இருப்பது லிட்டில் இந்தியாவில், கடைத்தெருவில். ஊரில் ஏஜென்ட் கல்லாவில் உட்காரும் வேலை என்றார். வந்தபின் ஆறு மாதம் தட்டு கழுவினேன். இப்போது தோசைக்கல். விடியற்காலை மாரியம்மன் கோயில் மணி அடிக்கும்போது நான் இரண்டாவது வாளி மாவைத் தொட்டிருப்பேன். அறையில் ஆறு பேர். இங்கே ரிங்கிட்டை 'வெள்ளி' என்கிறார்கள். சாப்பிட்டாயா என்று கேட்க மாட்டார்கள், "பசியாறியாச்சா?" என்பார்கள். அந்த ஒரு வார்த்தைக்காகவே இந்த ஊரை எனக்குப் பிடித்துப்போனது.

கடைக்கு மேல்மாடியில் முதலாளியின் அண்ணன் இருக்கிறார். எழுபது தாண்டியவர். அரிசி மூட்டைகளுக்கு நடுவே ஒரு பழைய ரிக்கார்டு பிளேயர். ராத்திரி கடை அடைத்ததும் அவருக்கு நான் டீ கொண்டுபோவேன், அவர் பாட்டுப் போடுவார். அல்லிகேட்ஸ் பாட்டுக்குழு என்றால் உயிர். லோகநாதன், டேவிட் ஆறுமுகம் என்று அண்ணன் தம்பி, நம் தமிழ்ப் பிள்ளைகள், இதே பினாங்கில் கிளம்பி மலாய்ப் பாட்டில் கொடிகட்டியவர்கள். தலை நிறைய சுருட்டை முடி. லோகநாதன் 2007-ல் இறந்ததைச் சொல்லும்போது பெரியவர் இன்றும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார்.

உன் பேனரை அவரிடம் காட்டினேன். ஒன்றும் பேசாமல் மூன்று பெண்கள் நிற்கிற ஒரு ரிக்கார்டு உறையை எடுத்து நீட்டினார். சுப்ரீம்ஸ். அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்துக் கறுப்பினப் பிள்ளைகள், அரசாங்கக் குடியிருப்பில் வளர்ந்தவர்கள். 1959-ல் அந்தக் குழு ஃப்ளாரன்ஸ் பல்லார்டை வைத்துத்தான் உருவாயிற்று. மோட்டவுன் என்ற ரிக்கார்டு கம்பெனியில் 1961-ல் சேர்ந்தபோது 'சுப்ரீம்ஸ்' என்ற பேரைத் தேர்ந்தெடுத்ததும் அவள்தான். மூவரில் கனமான குரலும் அவளுக்குத்தான். ஆனால் முதலாளி பெர்ரி கோர்டி டயானா ராஸை நடுவில் நிறுத்தினார். மெல்லிய, கொஞ்சம் மூக்கால் பாடுகிற குரல். ரேடியோவில் அதுதான் எடுபடும் என்பது அவர் கணக்கு.

கணக்கு தப்பவில்லை. அதுவரை ஒரு பாட்டும் பெரிதாக ஓடாமல் கம்பெனிக்குள்ளேயே கேலி வாங்கியவர்கள், 1964-லிருந்து வரிசையாக ஐந்து பாட்டை முதலிடத்துக்குக் கொண்டுபோனார்கள். மொத்தம் 12. நடை, உட்காரும் விதம் எல்லாவற்றுக்கும் மோட்டவுனில் தனி டீச்சர் வைத்திருந்தார்களாம்.

1967-ல் பேர் மாறியது. 'டயானா ராஸ் அண்ட் த சுப்ரீம்ஸ்'. அதே வருடம் ஃப்ளாரன்ஸ் வெளியே, அவள் இடத்தில் சிண்டி பேர்ட்சாங். 1970 ஜனவரியில் லாஸ் வேகாஸில் டயானாவும் விடைபெற்றாள். அவள் குழுவோடு பாடியதாக வெளிவந்த கடைசிப் பாட்டு, 'என்றாவது ஒருநாள் சேர்ந்திருப்போம்' என்று பொருள்படுவது. அந்த ரிக்கார்டில் மற்ற இரண்டு சுப்ரீம்ஸும் பாடவே இல்லை, கூலிக்கு வந்த வேறு குரல்கள்! இதைக் கேட்டு நான் சிரித்துவிட்டேன். பெரியவர் சிரிக்கவில்லை.

ஃப்ளாரன்ஸ் கம்பெனிமேல் வழக்குப் போட்டுத் தோற்று, மூன்று பெண்பிள்ளைகளோடு அரசாங்க உதவித்தொகையில் இருந்து, 1976-ல் இறந்தாள். வயது 32. என் வயதுதான்.

டயானாவைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. 1983-ல் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் கொட்டுகிற மழையில் பாட்டை நிறுத்தி, தள்ளுமுள்ளு இல்லாமல் மெதுவாகக் கலைந்து போங்கள் என்று கூட்டத்தைக் கெஞ்சியவள், மறுநாள் அதே இடத்துக்கு வந்து மறுபடி பாடினாள். 78 வயதிலும் மேடை ஏறினாள். உழைப்பு அவளுடையது. பேரைப் பெரிதாக்கியது முதலாளி. அவள் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமோ? பெரியவர், "இருபத்து மூணு வயசுல யாரு சொல்லுவா தம்பி" என்றார். சரிதான். ஆனால் உனக்கும் இருபத்து மூன்றுதான், அது என்னை உறுத்துகிறது.

உங்கள் குழுவில் மூத்தவள்தானே உன்னை முதன்முதலில் மைக் முன்னால் நிறுத்தினாள்? மாரியம்மன் திருவிழாவில் உனக்குத் தொண்டை அடைத்தபோது சரணத்தை எடுத்துப் பாடியதும் அவள்தானே? நீயே எழுதியிருந்தாய். அடுத்த பேனரில் மூன்று பேரும் ஒரே அளவு என்று குழு நடத்துகிறவரிடம் கேட்டுப் பார். முடியாது என்றால் என்ன செய்வது என்று எனக்கும் தெரியவில்லை. நடுவில் பாடு, அதை யாருக்காகவும் விடாதே.

கடைக்காரர் ஒருவர் அடுத்த வாரம் ஊருக்கு வருகிறார். அம்மாவுக்கு ஜாதிக்காய்த் தைலம், சூடு பறக்கத் தேய்க்கச் சொல். அப்புறம் ஜாதிக்காய் மிட்டாய் மூன்று பொட்டலம். ஒன்று உனக்கு. மற்ற இரண்டையும் யாரிடமும் கொடுத்து அனுப்பாதே, நீயே அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோ.

உன் அண்ணன்