ஹேண்ட்போன் கம்பெனிக்காரங்களுக்கு, 555 புக்கு எழுதுன பையன் எழுதுறது

வணக்கம். லைன் குடுக்குற எல்லா கம்பெனிக்கும் பொதுவாதான் எழுதுறேன், யாரையும் பேர் சொல்லி இழுக்கல. நான் மலேசியாவுல பத்தாங் பெர்ஜுந்தைக்காரன். 2007-ல ஊர் பேர பெஸ்தாரி ஜெயான்னு மாத்திட்டாங்க, ஆனா எங்க வாயில இன்னும் பழைய பேருதான் வருது. பக்கத்துலயே தென்னமரம் தோட்டம், 1917-ல இந்த நாட்டுலயே முதல்முதலா வியாபாரத்துக்குன்னு செம்பனை, அதான் பாமாயில் எடுக்குற மரம், போட்ட இடம். தென்னமரம்னு பேர் வச்சுக்கிட்டு செம்பனை நட்டாங்க, அது வேற கதை.

எங்க மாமா செம்பனைக் குலை ஏத்துற லோரி கொந்திராக்டர். நான் பாரம் த்ரீ, அதாவது ஒன்பதாவது, படிக்கிறப்ப செகண்ட் ஹேண்டுல ஒரு செங்கல்லு போன் வாங்கிட்டு வந்தாரு. 1983-ல அமெரிக்காவுல வந்த முதல் செங்கல்லு போன், மோட்டோரோலா டைனாடேக், 3,995 டாலராம், அரை மணி நேரம் பேசுனா பேட்டரி படுத்துருமாம். மாமாவோடது அவ்வளவு மோசமில்ல, ஆனாலும் ரெண்டு பேர் சேர்ந்தாப்புல பேசிட்டா அன்னைக்கு சாயங்காலம் போன் செத்த பாம்புதான், அதனால பேசுற நேரத்த எண்ணுறது பில்லுக்கு மட்டும் இல்ல, பேட்டரிக்கும் சேர்த்துதான்.

அந்த எண்ணுற வேல எனக்கு வந்துச்சு. பலசரக்குக் கடையில கடன் எழுதுற அந்த குட்டி 555 புக்கு தெரியும்ல, அதுல ஒண்ண குடுத்து, யாரு, எங்க, எத்தன நிமிஷம் எல்லாத்தையும் எழுதுடான்னாரு. லயத்துல, அதான் தோட்டத்து வரிசை வீடுங்கள்ல, யாருக்காவது அவசரம்னா மாமா போன்தான், பேசிட்டு மாசக் கடைசில காசு குடுப்பாங்க, அதுக்குதான் கணக்கு. போன்லயே டைமர் இருந்துச்சு, ஆனா நான் என் கேஸியோ கைக்கடிகாரத்தையும் அமுக்கி வச்சுக்குவேன்.

ஒரு தடவ தோட்டத்து ஆபீஸ் கணக்கப்பிள்ளை, பெரிய கிராணி, வந்து கிள்ளானுக்கு போன் போட்டாரு. மூணு தடவ யாரும் எடுக்கல, நாலாவது தடவதான் எடுத்தாங்க. டைமர்ல மொத்தம் ஒன்பது நிமிஷம் காட்டுது, கிராணி நான் ஆறு நிமிஷம்தான் பேசுனேன்டாங்குறாரு, என் கடிகாரமும் ஆறுன்னுதான் சொல்லுது. மாமா போன்தான் சரின்னு நிக்க, பெரிய சண்டை, கிராணி அஞ்சு காசு கூட குடுக்காம போயிட்டாரு, அந்தப் பக்கம் புக்குல இன்னும் கடனாதான் கிடக்கு.

ரொம்ப வருசம் கழிச்சுதான் புரிஞ்சது, கிராணி சொன்னது சரிதான். அந்த அனலாக் போனுக்கு எதிர்ல போன எடுத்தாங்களா இல்லையான்னே தெரியாது, லைன் கிடைச்ச உடனே டைமர் ஓட ஆரம்பிச்சிரும், மணி அடிக்கிற நேரமும் பேசுன நேரம்தான் அதுக்கு. 1995 வாக்குல ஜிஎஸ்எம்ங்குற டிஜிட்டல் லைன் வந்தப்புறம்தான், அந்தப் பக்கம் எடுத்தா நெட்வொர்க்கே போனுக்கு சேதி அனுப்பி, அதுல இருந்து எண்ணுச்சு.

சரி, அப்ப பில்லு எங்க கணக்க விட கம்மியா வரணும்ல? வராது! லோரிக்காரன் பேச்சு எப்படி இருக்கும், "குலை ஏத்தியாச்சா?" "ஆச்சு மாமா" "மில்லுக்கு விடு", முடிஞ்சது, 35 செகண்டு. ஒரு நாளைக்கு இப்படி 20 கால்னு வச்சுக்குங்க, நெசமா பேசுனது 11 நிமிஷம் 40 செகண்டு, ஒவ்வொரு காலையும் முழு நிமிஷமா ஏத்திப் போட்டா 20 நிமிஷம். முப்பது முப்பது செகண்டா வெட்டி எண்ணுற 30 செகண்டு பிளாக்குன்னு சொன்னாலும் அதே 20 நிமிஷம்தான், ஏன்னா 35 செகண்டு ரெண்டு பிளாக்க தின்னுடுது. புக்க தூக்கிட்டு மாமா கவுண்டருக்குப் போயி கேட்டாரு, கம்ப்யூட்டர் கணக்கு தப்பாகாது அங்கிள்னு சொல்லி அனுப்பிட்டாங்க. கம்ப்யூட்டர் தப்பா கூட்டல, ரவுண்டு பண்ணித்தான் கூட்டுது, அந்த ஒரு வார்த்தைய சொல்லியிருந்தா மனுசன் ரெண்டு நாள் வேலைய கெடுத்துக்கிட்டு அலைஞ்சிருக்க மாட்டாரு.

அப்புறம் நோக்கியா வந்துச்சு, அடிச்ச காலுக்குத் தனி, வந்த காலுக்குத் தனின்னு அழகா நேரம் காட்டும். அழிக்கணும்னா செக்யூரிட்டி கோடு கேக்கும், 12345. அத யாரு மாத்துனா? மாமா மவன் நடு மாசத்துல அழிச்சுட்டு ஒண்ணும் தெரியாதவன் மாதிரி உக்காந்திருந்தான். அதனால 555 புக்கு ரிட்டையர் ஆகல. ஆனா நோக்கியாக்காரன ஒண்ணுக்குப் பாராட்டணும், கூட வந்த புத்தகத்துலயே, ரவுண்டு பண்றது, வரி இதெல்லாம் சேர்றதால பில்லு இதுல காட்டுறத விட மாறலாம்னு போட்டிருந்தான்.

இப்ப எதுக்கு இதெல்லாம்னு கேப்பீங்க. உங்க விளம்பரத்துல எல்லாமே அன்லிமிட்டெட்டு, ஆனா எங்க அம்மாவுக்கு இல்ல. அவங்க கையில இருக்குறது பட்டன் போன், ப்ரீபெய்டு, பத்து வெள்ளி (ரிங்கிட்) ரீலோட் பண்ணுவாங்க, பசாருக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள ரெண்டு கால், பாலன்ஸ் என்னன்னு கேட்டா தெரியாது. பாலன்ஸ் பாக்க ஸ்டாரு, நம்பரு, ஹாஷுன்னு அமுக்கணும், கண்ணு சரியா தெரியாதவங்க எத அமுக்குவாங்க? நான்தான் வீட்டுக்கு வந்து பாத்து சொல்லணும். காசு தீந்துருமோன்னு பயந்து இப்ப மிஸ்டு காலு மட்டும்தான் குடுக்குறாங்க. இந்த மாதிரி ஆளுங்க எங்க ஊர்ல லயத்துக்கு நாலு பேர் இருக்காங்க.

நான் கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல. பேசி முடிச்சு போன வச்ச உடனே ஒரு மெசேஜ், பெரிய எழுத்துல, தமிழ்ல: இத்தன நிமிஷம் இத்தன செகண்டு பேசுனீங்க, இத்தன பிளாக்குன்னு போட்டோம், இத்தன காசு எடுத்தோம், மீதி இவ்வளவு. பேசுன நேரமும் நீங்க போட்ட நேரமும் பக்கத்துப் பக்கத்துல இருக்கணும், அதான் முக்கியம். பதினாலு வயசுப் பையன் பேனாவ வச்சுக்கிட்டு செஞ்சத உங்க கம்ப்யூட்டரு செய்யாதா?

நீங்க செய்ற வரைக்கும், போன வாரம் அம்மாவுக்குப் புதுசா ஒரு 555 புக்கு வாங்கிக் குடுத்திருக்கேன். முதல் பக்கத்துல, "அண்ணன் வீடு, 4 நிமிஷம்"னு எழுதி வச்சிருக்காங்க.